மழை இறங்கிய கரி

என் தங்கை கருத்தம்மாளைப் போலக் கரி மூட்டம் போட நரிக்குடிப் பக்கம் ஆள் கிடையாது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசித் தீ வைத்தாளென்றால் கரி கணீரென்று கேட்கும். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்து, சத்தம் வராததைத் தூர எறிவாள். புருஷன் போன பிறகு, அந்தப் புகையில் நின்றுதான் மகள் முருகேஸ்வரியைப் படிக்கவைத்தாள்.

முருகேஸ்வரி வெளியூரில் பேட்டரி ஆராய்ச்சியில் இருந்தாள். லித்தியமும் கந்தகமும் வைத்த பேட்டரி. சார்ஜ் ஏற்றி இறக்க இறக்கக் கந்தகம் கரைந்து ஓடிவிடுமாம். அதைப் பிடித்துவைக்கக் கரி வேண்டுமாம். தொண்ணூற்றாறு ஐப்பசியில் லீவுக்கு வந்தவள், ஒதுக்கிப் போட்டிருந்த கரியில் ஒரு பை அள்ளிப் போனாள். மூட்டம் கனன்றுகொண்டிருந்தபோது மழை உள்ளே இறங்கி, ஆவியில் வெந்து, பஞ்சாகிப்போன கரி அது. அதை வைத்துச் செய்த பேட்டரி நூறு தடவை ஏற்றி இறக்கியும் தாங்கியது.

"மாமா, அந்தக் கரி பூராம் கண்ணுக்குத் தெரியாத பொத்தலு. கந்தகம் அதுக்குள்ள போயி ஒக்காந்துக்கிருது" என்று பக்கத்து ஊரான வீரசோழனில் நான் வேலை பார்த்த கடைக்குப் போன் போட்டுச் சிரித்தாள்.

பேராசிரியர் நம்பவில்லை. உதவித்தொகை தை மாதத்தோடு முடிகிறது, அதற்குள் இன்னொரு முறை செய்து காட்டு என்றார். அதே கரியில் ஒரு மூட்டை அனுப்பச் சொல்லி வீட்டுக்கு எழுதினாள்.

கடிதத்தை வாசித்துக் காட்டியவன் நான்தான். கருத்தம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"எம்மக படிக்கிற எடத்துக்கு அந்த ஊத்தக் கரியவா அனுப்புவேன்? அங்க உள்ளவுக என்ன நெனப்பாக?"

மூன்று நாள் உட்கார்ந்து துண்டு துண்டாகத் தட்டி, கணீரென்றதை மட்டும் மூட்டை கட்டினாள். மழைக் கரியை நிறைந்து கிடந்த கண்மாயில் கொட்டிவிட்டாள். மட்டக் கரியே நூறு தடவை தாங்கினால் நல்ல கரி இன்னும் தாங்குமென்று மடையன் எனக்கும் அது சரியென்றே பட்டது. நானே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மூட்டையைப் பிரித்ததும் முருகேஸ்வரி போன் போட்டாள். கண்மாயில் போட்டதைச் சொன்னேன். அழுதாள். இன்னொரு மூட்டம் போட்டு அனுப்ப நாளில்லை; வேறு வழியில்லாமல் வந்த கரியையே வைத்துப் பார்த்தாள். கெட்டிக் கரியில் கந்தகம் ஒதுங்க இடம் ஏது? பத்தாவது தடவையே பேட்டரி படுத்துவிட்டது. கரி வேறு என்று அவள் சொன்னதைப் பேராசிரியர் காதில் வாங்கவில்லை. முதலில் காட்டியதே பொய்யென்று சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

மாசியில் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அம்மாட்டச் சொல்லிறாதீக மாமா. தாங்காது" என்றாள்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே கருத்தம்மாள் கேட்டாள்.

"ஏத்தா, நான் அனுப்புன கரி நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா. நாந்தான் சரியாப் படிக்கல."

"அம்புட்டு நல்ல கரியையும் வீணாக்கிட்டு வந்து நிக்கிறியே" என்று கருத்தம்மாள் ஏச ஆரம்பித்தாள். முருகேஸ்வரி தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள். அந்த நல்ல கரிதான் அவளைத் தோற்கடித்தது என்று கருத்தம்மாளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.