தராசில் ஒரு சமன்பாடு

"ஒண்ணாம் வகுப்புல உக்கார வெச்சிரலாமுங்க டீச்சர். பாவம், இங்க உக்காந்து அந்தப் புள்ள என்ன பண்ணும்?" என்றார் தலைமை ஆசிரியை.

அவர் சொன்னது சுனிதாவைப் பற்றி. நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சுனிதாவின் அப்பா அம்மா ஜார்க்கண்டிலிருந்து தேயிலை எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள். காதில் விழுந்த ஒன்றிரண்டு சொற்களைத் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது. 'கமலாவிடம் சில கேரட்டுகள் இருந்தன' என்று கணக்கை வாசிக்கத் தொடங்கினாலே தலையைக் குனிந்துகொள்வாள். கூட்டல் கழித்தலாவது வருமா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு கொண்டுபோய் உட்காரவைத்தால் அவள் மனசு விட்டுப்போகும்.

"இந்த வாரம் மட்டும் பாக்கறேனுங்க மேடம்" என்றேன்.

அந்த வாரம் சமன்பாட்டை அறிமுகம் செய்ய நினைத்திருந்தேன். எடுத்த எடுப்பில் x என்று எழுதினால் பிள்ளைகள் மிரண்டுவிடும். அதனால் தராசு, கோலிக்குண்டு, பெரிய தீப்பெட்டி. பெட்டிக்குள் எத்தனை கோலி என்பதுதான் கேள்வி. பெட்டியின் எடை குழப்பாமலிருக்க எதிர்த்தட்டில் அதே மாதிரி காலிப் பெட்டி வைத்துவிடுவேன்.

ஒரு பெட்டியும் மூன்று கோலியும் ஒரு தட்டில். இன்னொன்றில் ஏழு கோலி. தராசு சமமாக நின்றது.

"நாலுங்க டீச்சர்!" என்று கத்தினான் பிரபு.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"சும்மா தோணுச்சுங்க."

அடுத்து, ஒரே அளவு கோலி போட்ட இரண்டு பெட்டிகளும் இரண்டு கோலியும் ஒரு பக்கம். பத்து கோலி மறுபக்கம். இப்போது பிரபுவுக்குத் தோணவில்லை. எழுந்து வந்து, பெட்டிப் பக்கமிருந்த இரண்டு கோலியை எடுத்தான். அந்தத் தட்டு மேலே போய்விட்டது. திருதிருவென்று விழித்தான்.

"அங்கயும் எடுங்க!"

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது குரல். சுனிதா! பிரபுவுக்குப் போய் 'எடுங்க' என்று மரியாதை கொடுத்ததில் வகுப்பே சிரித்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. விறுவிறுவென்று வந்து மறுதட்டிலும் இரண்டு கோலியை எடுத்தாள். தராசு சமமானது. மீதியிருந்த எட்டை மேசைமேல் நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் கோலி போட்ட தீப்பெட்டி ஒன்றை வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

பெட்டிகளைத் திறந்தேன். நாலு, நாலு.

பிரபுதான் முதலில் கைதட்டினான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியை உள்ளே வந்து அவள் தலையைத் தடவினார்.

"நம்ம பேச்சுதானுங்க டீச்சர் அதுக்குப் புரியல. கணக்கு நல்லாவே புரியுது. இங்கயே இருக்கட்டும்."

பெட்டிக்குப் பதில் கட்டம் போட்டுக் கரும்பலகையில் எழுதினேன். □ + □ + 2 = 10. சுனிதா தராசையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். சாக்பீஸுக்குக் கை நீட்டினாள். இரண்டு பக்கமும் இரண்டைக் கழித்து அடுத்த வரியை அவளே எழுதினாள்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பதில் சொல்லாத பிள்ளைக்குப் பாடம் தெரியாது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கேள்வியே இன்னும் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேராமல் இருக்கலாம்.