வேலியில் ஒரு சந்து

நெப்ராஸ்காவில் ஆர்லின் ஹோல்ட்ஸின் பண்ணையில் மூன்று தலைமுறையாகச் செந்நிற உடம்பும் வெள்ளை முகமுமான ஹெர்போர்டு மாடுகள்தான். கறுப்புக் கன்றுக்குத்தான் சந்தையில் கூடுதல் விலை என்று ஊரே ஆங்கஸ் இனத்துக்கு மாறிய பிறகும் அவர் மசியவில்லை.

"உரிச்சுட்டா எல்லாக் கறியும் செவப்புதான்டா! வாங்குறவன் என்ன, தோலையா திங்கப்போறான்?" என்று காபிக் கடையில் எகிறுவார்.

ஒரு கோடையில் பக்கத்துப் பண்ணை டுவேனின் ஆங்கஸ் காளை வேலியை முறித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஆர்லின் டுவேனைக் கிழிகிழியென்று கிழித்தார். மறு வசந்தத்தில் பாதிக் கன்றுகள் கறுப்பாகப் பிறந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் இலையுதிர்கால ஏலத்தில் அந்தக் கறுப்புகளுக்குத்தான் ஆட்கள் முட்டிமோதினார்கள். அவருடைய செவலைகள் வந்தபோது முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

அடுத்த வசந்தத்தில் வேலி கட்டும் நாள் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வேலியின் நடுவில் எதிரெதிரே நின்று, அவரவர் வலக்கைப் பக்கத்துப் பாதியைச் சரிசெய்வது அங்கே வழக்கம். டுவேன் தன் பாதியை விறைப்பாக இழுத்துக் கட்டினான். ஆர்லினும் சுத்தியலோடு போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார்.

மனைவி வெர்லா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, உங்க பாதியில காளை நுழையுற அளவுக்குச் சந்து விட்டு வச்சிருக்கீங்க?"

"கம்பி தீந்துபோச்சு" என்றார் ஆர்லின், பிரிக்காத கம்பிச் சுருளின் மேல் உட்கார்ந்தபடியே. "அவன் காளை மட்டும் உள்ள வரட்டும், நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன் பாரு!"