எண்பத்தொன்றாம் மனை

உத்திரமேரூருக்கு வெளியே நான் மனை வாங்கிய லேஅவுட்டில் இன்னும் ஒரு வீடுகூட எழும்பவில்லை. ஞாயிறு காலைகளில் அங்கே போய் கோல்ஃப் பந்து அடித்துப் பழகுவேன். வாட்ச்மேன் பந்தைப் பொறுக்கித் தருவார். மேலே காக்கிச் சட்டை, கீழே லுங்கி. பந்து எவ்வளவு தூரம் போனது என்று கேட்டால், அது விழுந்த மனையின் எண்ணைத்தான் சொல்வார். "நாப்பத்திரண்டு சார்." என் கைக்கு அவ்வளவுதான்.

அன்று தூரமாக அடிப்பதற்கான புது 'டிரைவர்' மட்டை கொண்டுபோயிருந்தேன். என்னைப் போன்ற சுமாரான ஆட்டக்காரர்களுக்கென்றே எடை குறைத்துச் செய்தது. முதல் அடியிலேயே பந்து பறந்தது.

"எண்பத்தொண்ணு சார். உங்க மனை."

எடுக்கப் போனவர், எல்லைக்கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வேறு எந்த மனையிலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. திரும்பி வந்ததும் ஏனென்று கேட்டேன்.

"எங்க நைனாவ அங்கதான் சார் பொதைச்சிக்கீது."

மனை எண் சொல்லும் அதே குரல். பந்தை லுங்கியில் துடைத்து நீட்டினார்.

"புது மட்டை எப்டி கீது சார்?"

"வெயிட்டே தெரியல" என்றேன்.

அடுத்த பந்தை அவரே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நானும் அடித்தேன்.