வளையம் பொறுக்கிய செவலை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மெயில் வண்டி நிற்காத ஒரு சின்ன ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்க, ஒரு டோக்கனைத் தோல் பையில் போட்டு, அதைப் பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புவார்கள். வண்டி எங்கள் ஸ்டேஷனைக் கடக்கும்போது இன்ஜினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் அந்த வளையத்தை வெளியே வீசுவான். அதிலிருக்கும் டோக்கனை எடுத்துப்போய் ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருக்கும் மெஷினில் போட்டால்தான் திண்டிவனத்தில் காத்திருக்கும் அடுத்த வண்டி கிளம்பும்.

வீசுகிறவனுக்கு என்ன? வீசிவிட்டுப் போய்விடுவான். வளையம் பறந்து, தரையில் மோதி, உருண்டுபோய் முள்புதருக்குள் படுத்துக்கொள்ளும். அது என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வீங்கிப்போயிருந்த வருஷம். அவர் நொண்டிக்கொண்டே தேடி முடிப்பதற்குள் திண்டிவனத்திலிருந்து அந்த மெஷினில் மணிமேல் மணி அடிப்பார்கள்.

"இன்னொரு தபா லேட்டாச்சுன்னா அன்ஃபிட்னு எழுதிடுவேன். அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். வண்டிக்காக உழைத்துக் கெட்ட கால் அது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் செவலையைப் பழக்க ஆரம்பித்தேன். ஸ்டேஷனில் திரிந்த நாட்டு நாய். நான் வைக்கும் சோற்றைத் தின்று வளர்ந்தது. கழித்துப்போட்ட பழைய வளையம் ஒன்றைக் கேட்டு வாங்கி வீசினேன். எகிறி அந்தரத்திலேயே கவ்வியது, ஆனால் கொடுக்கவில்லை. துரத்தினால் விளையாட்டென்று இன்னும் தூரம் ஓடியது. கடைசியில் கருவாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு, நாயைத் திரும்பியும் பாராமல் வீட்டை நோக்கி நடந்தேன். பின்னாலேயே வந்து காலடியில் போட்டது. அடுத்த தொல்லை தோல் பை. வளையத்தை விட்டுவிட்டுப் பையை மென்றது. பையில் வேப்பெண்ணெய் தடவி வைத்தேன். ஒரு கடி கடித்து மூஞ்சியைச் சுளித்தது. பிறகு பிரம்பை மட்டும்தான் கவ்வியது. ரயில் முழுசாகப் போகும்வரை பொறுத்திருக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கழுத்தை இறுகப் பிடித்து உட்கார்ந்திருப்பேன். கடைசியில் வரும் கார்டு பெட்டி தாண்டியதும் விடுவேன்.

"நாயோட ஆடிக்கினு கிறா பாரு பொம்பள" என்று மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மணிச் சத்தம் அடங்கியதா இல்லையா?

அப்படியிருக்க, ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். செவலை வளையத்தோடு ஓடிவருவதைப் பார்த்ததும் குதித்தார்.

"இன்னாய்யா இது? சர்க்கார் சாமான் நாய் வாயிலயா? தொரத்துய்யா அத!"

ஸ்டேஷன் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் "சரிங்க சார்" என்றார். நான் சரி சொல்லவில்லை. செவலையின் கழுத்தில் கயிற்றைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அடுத்த வண்டியின் வளையம் உருண்டு புதருக்குள் போனது. என் வீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டு போனார். "இந்தக் காலோட எப்பிடிய்யா டூட்டி பாக்கறான்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது. தான் இருக்கும்போதே வண்டி நிற்கிறதே என்று அவரும் புதருக்குள் நுழைந்தார். கால்சட்டை கிழிந்து, வெறுங்கையோடு வெளியே வந்தார்.

"நாய அவுத்து வுடும்மா. ஜல்தி!"

"வுடறேங்க. அவரு காலப் பத்தி ஒண்ணும் எழுத மாட்டேன்னு சொல்லுங்க."

"ஏய், சும்மா இரு" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

"இன்னாம்மா, மெரட்டறியா?"

"ஆமாங்க."

மணி விடாமல் அடித்தது. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"எழுதல, போ."

"நாயி?"

"அதுவும் இருந்து தொலயட்டும்!"

கயிற்றை அவிழ்த்தேன். நான் மூச்சு விடுவதற்குள் செவலை வளையத்தோடு வந்து என் வீட்டுக்காரர் காலடியில் போட்டது. அவர் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். திண்டிவனத்தில் நின்ற வண்டி கிளம்பியது.

இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் தவறவில்லை; காலைப் பற்றி ஒரு வரி எழுதாமல் ராத்திரி வண்டிக்குக் காத்திருந்தார். அவரிடம் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா என்று என் வீட்டுக்காரர் அந்த வண்டி வரும்வரை கெஞ்சினார். நான் போகவில்லை. எங்கள் சோற்றில் மண் போட வந்தவர், போடாமல் போனதற்கெல்லாம் கும்பிட முடியாது.