ஆறிப்போன பிட்டும் கொழும்பு அழைப்பும்

1987ஆம் ஆண்டு, மாசி மாதம். கனடாவின் ஸ்காபரோவில் ஓர் உயரமான கட்டடத்தின் எட்டாம் மாடியில் நானும் கணவரும் குடியிருந்தோம். எனக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி கிடையாது. கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. என் அக்கா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டாள் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. போய்ச் சேர்ந்தாளா, வழியில் மறித்தார்களா, யாரிடம் கேட்பது?

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்றார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சிலருக்கு வருமாம், பிறந்ததும் போய்விடுமாம். சாப்பாட்டால் அடக்கப் பார்த்தோம். மத்தியானமும் இரவும் ஒருவாறு சொல் கேட்டன. காலைச் சாப்பாடுதான் அடங்கவில்லை. காலையில் எதைத் தின்றாலும் சீனி ஏறும் என்று ஆஸ்பத்திரி நேர்ஸ் சொல்லியிருந்தாள். இரண்டு இடியப்பம் தின்றுவிட்டு விரலைக் குத்திப் பார்த்தால், இரத்தம் தொட்ட சோதனைக் காகிதத் துண்டு கடும் பச்சையாக மாறி என்னை முறைக்கும். அரிசிமாப் பிட்டும் அப்படித்தான். ஓட்ஸ் கஞ்சி நல்லது என்றார்கள். எனக்கு அதுவும் ஒத்துவரவில்லை.

அதனால் ஒவ்வொரு காலையும் எனக்கு ஒரு பரீட்சை. பேக்கரித் தவிட்டுப் பாண் ஒரு துண்டும் அவித்த முட்டையும் ஒரு நாள். அவித்த பயறும் கொஞ்சம் தேங்காய்ச் சம்பலும் இன்னொரு நாள். ரின்னில் அடைத்து வரும் மீனை வெங்காயத்தோடு பிரட்டி, அரைத் துண்டுப் பாணோடு தின்றேன். அது நன்றாகவே வேலை செய்தது. யாரோ கொண்டுவந்து தந்த குரக்கன் என்ற கேழ்வரகு மாவில் ஒரு சிறங்கை எடுத்துப் பிட்டு அவித்து, நிறையக் கீரையோடு தின்றால் வயிறும் நிறையும், சீனியும் அவ்வளவு ஏறாது என்று கண்டுபிடித்தேன். ஆனாலும் முழுதாக இறங்கவில்லை. கடைசியில் இன்சுலின் ஊசி தந்தார்கள். ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நேர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

என் கணவருக்கு என்னைவிடப் பயம். “இஞ்சை பாரும், இனி இந்த வீட்டிலை இனிப்பெண்டு ஒண்டும் இருக்கப்படாது” என்று சொல்லி, சீனிப் போத்தல், பிஸ்கற், ஜாம், தோடம்பழச் சாறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். கொஞ்சம் பழச்சாறு கைவசம் இருக்கட்டும் என்று நேர்ஸ் சொன்னதை இரண்டு பேருமே பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் இருட்டோடு வேலைக்குப் போய்விட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஊசி போட்டேன். பிட்டு ஆவியில் இருந்தது, கீரையும் வறையாகிக்கொண்டிருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு உட்காரும்போது தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஒரே இரைச்சல். தூரத்தில் யாரோ பேசுவது போல இருந்தது. “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன். பட்டென்று அறுந்துவிட்டது.

அது கொழும்புதான் என்று என் மனம் சொல்லியது. திரும்ப அடிக்கும், இப்போது அடிக்கும் என்று பக்கத்திலேயே நின்றேன். அடிக்கவில்லை. யன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன். ரிசீவரைத் தூக்கி லைன் வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். தூக்கிய நேரத்தில் அழைப்பு வந்து திரும்பியிருக்குமோ என்று உடனே வைப்பேன். நல்ல செய்தி என்றால் இவ்வளவு காலையில் ஏன் எடுக்க வேண்டும்? யாருக்கு என்ன நடந்தது? பிள்ளைகளுக்கா? ஒரு வாய் பிட்டை எடுத்து வைத்தேன். தொண்டைக்குள் இறங்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினேன். ஊசி போட்டது என் நினைவிலேயே இல்லை.

கை நடுங்கத் தொடங்கியது. பதற்றம் என்று நினைத்தேன். கழுத்தெல்லாம் வியர்த்தது. சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் தொலைபேசி மீண்டும் அடித்தது. எடுத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல். வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கும் ஒப்பரேற்றர். கொழும்பிலிருந்து கலெக்ட் கோல், காசை நீங்கள்தான் கட்ட வேண்டும், ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும். “பிட்டு ஆறிப்போச்சு, பிட்டு ஆறிப்போச்சு” என்று தமிழில் குழறிக்கொண்டிருந்தேனாம்.

வேறு யாராவது என்றால், குடித்திருக்கிறாள் என்று நினைத்து லைனைத் துண்டித்திருப்பார்கள். அந்த ஒப்பரேற்றர் துண்டிக்கவில்லை. என்ன செய்கிறது, வருத்தமா என்று மெதுவாகக் கேட்டாள். எப்படியோ “பேபி” என்றேன், “நீடில்” என்றேன், “நோ ஈற்” என்றேன். அவ்வளவுதான். அவளுடைய குரல் மாறிவிட்டது. தன் கணவரும் இன்சுலின் போடுகிறவர் என்றும், உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போட வேண்டும் என்றும் சொன்னாள்.

நான் மாட்டேன் என்றேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரிசீவரை வைத்தால் அக்கா போய்விடுவாள் என்று அழுதேன். அவள் அதட்டவில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: “நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. நான் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உன் அக்காவை எங்கும் போக விடமாட்டேன்.”

வீட்டில் சாறு இல்லை, சீனி இல்லை என்றேன். ஏதாவது கான்டி இருக்கிறதா என்று கேட்டாள். கான்டி, கான்டி என்று அந்தச் சொல் தலைக்குள் சுற்றியது. சுற்றிச் சுற்றிக் கற்கண்டில் போய் நின்றது. வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு முன்னால் வைத்த கற்கண்டு! சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். கிண்ணத்தோடு கவிழ்த்து வாய்க்குள் போட்டு, கடித்து நொறுக்கித் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தபோது அவள் இருந்தாள். இன்னும் போடு என்றாள். போட்டேன். என் பெயரைக் கேட்டாள், வீட்டு இலக்கத்தைக் கேட்டாள்; நான் தெளிவாகப் பதில் சொல்லும்வரை விடவில்லை. சொல்லாவிட்டால் அம்புலன்ஸ் அனுப்பத்தான் கேட்டாள் என்று பிறகு விளங்கியது. மெல்ல மெல்ல வியர்வை அடங்கியது. வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அப்போதுதான் நான் பெரிதாக அழுதேன்.

பிறகு அவள் அக்காவை இணைத்தாள். என்னைச் சாப்பிட வைக்கும்படி அவளிடமும் சொன்னாள்.

“என்னடி, என்ன நடந்தது? உந்த மனுசி என்ன சொல்லுறா? ஊசி போட்டிட்டுச் சாப்பிடாமல் இருந்தனியே, விசரி!”

“நீங்கள் எல்லாரும் வந்து சேர்ந்திட்டியளோ? பிள்ளையள்?”

“நாங்கள் நேற்றே வந்திட்டம். பிள்ளையள் நித்திரை. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. முதல்லை நீ சாப்பிடு. நீ சாப்பிடுற சத்தம் எனக்குக் கேக்கோணும்.”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆறிக் கட்டியாகிப்போன குரக்கன் பிட்டையும் கீரையையும் தின்றேன். வழியில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள் என்பதை அக்கா சொல்லச் சொல்ல, நான் மென்றுகொண்டே கேட்டேன்.

பின்னேரம் கணவர் வந்து கதையைக் கேட்டதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் திரும்ப வெளியே போனார். கை நிறையத் தோடம்பழச் சாற்றுப் பெட்டிகளோடு வந்தார். அடுத்த கிழமை நேர்ஸிடம் போனபோது, தட்டில் சாப்பாடு போட்ட பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து அப்படியே செய்தேன். சித்திரையில் மகள் பிறந்தாள், ஒரு குறையும் இல்லாமல். சீனியும் போய்விட்டது.

அந்த ஒப்பரேற்றருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பிறகு தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். வேறு யாரோ பேசினார்கள். அப்படித் தேடிப் பிடிக்க முடியாது என்றார்கள். அவளுடைய முகம் எனக்குத் தெரியாது.

இப்போதும் எங்கள் ஆட்களில் யாராவது பிள்ளைத்தாய்ச்சிக்குச் சீனி என்றால், காலையில் என்ன சாப்பிடலாம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். பயறு, முட்டை, ரின் மீன், குரக்கன் எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்வேன்: வருகிற செய்தி நல்லதோ கெட்டதோ, அதைக் கேட்க நாம் இருக்க வேண்டும், அதனால் முதலில் சாப்பிடுங்கள்.