கரைக்கு ஓடு

நான் பயந்த சுபாவம். தோளில் பல்லி விழுந்தால் பலன் பார்ப்பதற்கு முன்னாலேயே அழுதுவிடுவேன். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். அங்கே பாலாறு என்று ஒன்று உண்டு. நான் அதில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மணல்தான். ஆழமான தண்ணீரை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவே. அப்படிப்பட்டவளை அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில், தமிழ்ப் பிரிவுக்கு விஞ்ஞான டீச்சராகப் போட்டார்கள்.

சேர்ந்த மூன்றாம் மாதம் அந்தப் பாடம் வந்தது. கரும்பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்டேன். நடுவில் ஒரு தவளை, தனி உயிர். அடுத்த வட்டத்தில் அதே ஏரியின் தவளைகள் எல்லாம், ஓர் இனத்தின் கூட்டம். அதற்கு வெளியே கொக்கு, மீன், தட்டான், கோரை என்று சேர்ந்து வாழும் சமுதாயம். அதனுடன் தண்ணீர், சேறு, வெயில் எல்லாவற்றையும் சேர்த்தால் சூழல் மண்டலம். அதற்கும் வெளியே இருப்பதற்கு ஆங்கிலப் புத்தகத்தில் பயோம் என்று போட்டிருந்தது. எனக்குத் தமிழ் கிடைக்காமல் ‘பெருநிலம்’ என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். துருவத்துப் பனிவெளி, ஊசியிலைக் காடு, புல்வெளி, பாலைவனம், மழைக்காடு என்று வாய் வலிக்கச் சொன்னேன். எதையும் நான் கண்ணால் கண்டதில்லை.

முதல் பெஞ்சில் இருந்த குள்ளப் பெண் எழுந்தாள். வகுப்பிலேயே சின்னவள், வாய் மட்டும் பெரியது.

“டீச்சர், நம்ம பெங்களூரு எந்தப் பெருநிலம்?”

“மழை நின்னதும் இலை உதிர்க்கிற காடு.”

“கண்டோன்மென்ட்ல காடா டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பேச்சை மாற்ற, தவளைக்கே திரும்பினேன். ஒரு தவளையைப் பாம்பு தின்றுவிட்டால் கூட்டத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது, கணக்கில் அது தெரியவே தெரியாது என்று பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன்.

உள்வட்டங்களையாவது நேரில் காட்டலாம் என்று, லிங்கராஜபுரத்துக்கு அப்பால் இருந்த ஓர் ஏரிக்கு வகுப்பைக் கூட்டிப் போக அனுமதி கேட்டேன். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டு, “தண்ணிப் பக்கம். ஒரு பொண்ணு குறைஞ்சாலும் திரும்பி வராதீங்க” என்றார். அன்று இரவே என் தைரியம் பாதி போய்விட்டது.

காலையில் பள்ளி வாசலில் குள்ளப் பெண்ணின் தாய் நின்றிருந்தாள். மில் வேலைக்குப் போகிற அவசரத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரே பொண்ணு டீச்சர். பத்தரமா கூட்டிக்கினு வாங்க.” பிறகு மகளிடம் திரும்பினாள். “கேள்வி கேட்டுக்கினே இருக்காத. டீச்சர் இன்னா சொல்றாங்களோ அதக் கேளு.”

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் ஏரியை ‘கெரெ’ என்பார்கள். அது கன்னடம் என்று எனக்குத் தெரியாது. ‘கரை’யைத்தான் இந்த ஊர் வாய் இப்படி மென்று துப்புகிறது என்று நினைத்திருந்தேன். என் வாயில் ‘கரை’ வரும்போது அவர்களும், டீச்சருக்குக் ‘கெரெ’ சரியாக வரவில்லை என்றே நினைத்திருக்கிறார்கள். அன்று ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும், “எல்லாரும் கரையிலேயே இருங்க” என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முப்பத்தொரு பேர். ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். சிலர் தவளையை எண்ணினார்கள், சிலர் கோரையைப் பிடுங்கிப் பார்த்தார்கள். குள்ளப் பெண் ஒரு தட்டானைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டாள். ஏரி வற்றி விட்டிருந்த சேற்றுத் திட்டில், எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள்.

அப்போதுதான் எருமைகள் வந்தன. மேட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு, தண்ணீரைப் பார்த்த வேகத்தில் ஓட்டமாக. அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே அவள். அவளுக்கு வலப்பக்கம் பத்தடியில் உயரமான கரை இருந்தது. கத்தினேன்.

“கரைக்கு ஓடு! கரைக்கு ஓடு!”

திரும்பி என்னைப் பார்த்தாள். எருமைகளைப் பார்த்தாள். பிறகு நேராகத் தண்ணீருக்குள் ஓடினாள்.

எருமைகளும் பின்னாலேயே இறங்கின. கறுத்த முதுகுகள், கொம்புகள், கலங்கிய தண்ணீர். அவள் இல்லை.

ஓடினேன். செருப்பு சேற்றில் போயிற்று. ஓடும்போதே எண்ணினேன், முப்பது. மறுபடி எண்ணினேன், முப்பது. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. சேறு நிறுத்தியது என்று மற்றவர்களிடம் பிறகு சொன்னேன். சேறு இல்லை, பயம்தான். ஒரு குழந்தை உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் என்னால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. பனிவெளியும் பாலைவனமும் மழைக்காடும் எங்கேயோ போய்விட்டன. உலகத்தில் மீதமிருந்தது அந்த நடுவட்டம் மட்டும்தான்.

எருமை மேய்க்கிற பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் கன்னடத்தில் என்னை ஏசினாள். என் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடிவந்த மாணவி அதைத் தமிழில் சொன்னாள்: “கெரெக்குள்ள ஓடுன்னு நீங்களேதான கத்தினீங்கன்னு கேக்கறாங்க டீச்சர்.”

‘ஓடு’ என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பெண் எருமைகளை அதட்டி விலக்கினாள். கோரைக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. குள்ளப் பெண் கழுத்தளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கோரையைப் பிடித்துக்கொண்டு, அழாமல் நின்றாள். குளிரில் பல் தந்தியடித்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

“இன்னும் உள்ள போவணுமா டீச்சர்?”

அவளைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள் அந்த எருமைக்காரி. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுததும் நான்தான், அவள் இல்லை. திரும்பும் வழி முழுக்க முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

சாயந்தரம் மில் விட்டு வந்த தாய் வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் திறக்கவில்லை. அவள் மகளின் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னாடி இது, ஈரம்? டீச்சர் பேச்சைக் கேட்டியா இல்லியா?”

குள்ளப் பெண் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

“கேட்டேம்மா” என்றாள்.

தாய் என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள்.