சுவரின் அந்தப் பக்கம்

அடுக்குமாடி வீடுகளில் அவரை எல்லோரும் டிரில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். திரைச்சீலைக் கம்பியா, கண்ணாடியா, எதை மாட்டுவதானாலும் சுவரில் ஓட்டை போட அவர்தான் வர வேண்டும். கான்கிரீட்டே அவருக்கு வழிவிடும். ஆறு வயது மகளின் வாய் மட்டும் வழிவிடவில்லை.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. முதல் முறை பல் டாக்டரிடம் போனபோது நாற்காலியில் உட்கார்ந்ததும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அடுத்த முறை கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்றாள்.

"வேர் வரைக்கும் போகலை. இன்னும் தள்ளிப்போட்டா பல்லையே பிடுங்க வேண்டி வரும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

டிரில்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊசிக்குக்கூட அழாத பெண். டிரில் சத்தத்திலேயே தொட்டிலில் தூங்கி வளர்ந்தவள். அவளுக்குப் போய் இந்தப் பொடி மெஷினிடம் என்ன பயம்? நம் அப்பாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிள்ளை பயந்தால், என்ன பயம் என்று கேட்கமாட்டார்கள், பயப்படாதே என்பார்கள். இவரும் அந்த ரகம்தான்.

"ஒண்ணுமில்லைடா குட்டி. அப்பா மெஷின் மாதிரிதான் அதுவும். கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்."

சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது. இன்னும் விளக்கமாகச் சொன்னால் தெளிவாள் என்று நினைத்து, மெஷினை எடுத்து ஒரு தடவை ஓட்டியும் காட்டினார். அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஊர்ச் சுவரெல்லாம் ஓட்டை போடறீங்க. பெத்த பொண்ணு வாயைத் திறக்க வைக்க முடியலையா?" என்றாள் மனைவி. அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது முறை அவர் வேலையிலிருந்து அப்படியே, தோளில் கருவிப் பையோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா இந்தத் தடவை வாயைத் திற என்று சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"இந்த மெஷின் என்ன பண்ணும்னு நினைக்கிறே? சொல்லு, கேக்கறேன்."

குட்டி அப்பாவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பக்கம் வந்துடும்."

"எந்தப் பக்கம்?"

கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "அப்பாவோடது பக்கத்து வீட்டுக்குள்ளே வந்துடுச்சு. அவங்க தட்டெல்லாம் விழுந்து உடைஞ்சுது. அப்பா சிரிச்சாரு."

டிரில்காரர் திடுக்கிட்டார். ஒரு மெல்லிய சுவரில் கை கொஞ்சம் கூடப் போய், டிரில் கம்பி அடுத்த வீட்டுச் சமையலறையில் எட்டிப்பார்த்த கதை அது. சாப்பிடும்போது நடித்தே காட்டியிருந்தார். அன்றைக்கு அவளும் சிரித்தாள். சிரித்ததாகத்தான் அவருக்கு நினைவு. இப்போது அதுவும் சந்தேகமாக இருந்தது.

"அதுக்கப்புறம் அப்பா கம்பியிலே சிவப்பு டேப் சுத்திக்கிட்டாரு. டேப் வரைக்கும் போனா நிறுத்திடுவாரு" என்றாள் குட்டி. "உங்களோடதுல டேப்பே இல்லையே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மெஷினின் முனையை அருகில் காட்டினார். அது அரிசி அளவுகூட இல்லை. "இது குத்திக்கிட்டு உள்ளே போகாது. கெட்டுப்போனதை மட்டும் சுரண்டி எடுக்கும். டேப் சுத்த இதிலே இடமே கிடையாது. வேற எங்கே ஒட்டலாம், நீயே சொல்லு."

குட்டி யோசித்தாள். "அப்பா, டேப் குடு."

அவர் பையைத் துழாவி ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். சொத்தைப் பல்லுக்கு நேராக, கன்னத்தின் வெளியே அதை ஒட்டிக்கொண்டாள்.

"அப்பா, நீ இதையே பாத்துக்கிட்டு இரு. வந்தா சொல்லணும்."

"பயமா இருந்தா நீயும் கையைத் தூக்கு, உடனே நிறுத்திடறேன்" என்றார் டாக்டரம்மா.

மரத்துப்போக ஊசி போட்டபோது அவள் அசையவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியது. டிரில்காரர் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ சுவர்களைத் துளைத்திருக்கிறார். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் நின்றதில்லை. எதுவும் வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் கண் சிமிட்டவே மனம் வரவில்லை என்பதுதான் புரியவில்லை.

நடுவில் சின்னக் கை மேலே எழுந்தது. மெஷின் நின்றது.

"வருதாப்பா?"

"வரலைடா."

வாய் மறுபடியும் திறந்தது.

பல்லை அடைத்து முடித்து, டாக்டரம்மா விளக்கை அணைத்தார். டிரில்காரர் மட்டும் இன்னும் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

குட்டி டேப்பை உரித்து அவர் கையில் ஒட்டினாள். மரத்துப்போன வாயால் குழறிக்குழறிக் கேட்டாள்.

"உனக்கு என்னப்பா பயம்?"

அவரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.